பாட்டியோட ஒரு தரங்கம்பாடி டிரிப்!

'டூர்'னா ஃப்ரெண்ட்ஸோடதான் போகணும் என்பது காலேஜில் எழுதப்படாத சட்டம். சொந்தக்காரங்களோடு கிளம்பினால் அதுக்குப் பேரே வேற... 'விசேஷம்'! வேனில் கடைசி சீட், மடியில் புளியோதரை தூக்கு, "ஏம்ப்பா, அரியர் எத்தனை நிக்குது?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி விசாரிக்கும் மாமா... ஆளை விடுங்க சாமி என்றுதானே ஓடுவீங்க?

வெயிட் பாஸ்! இந்த செட்டோடு போனால்தான் முழுசாப் பார்க்க முடியும்னு சில ஊர்கள் இருக்கு. தரங்கம்பாடி அதில் ஒண்ணு.

சான்ஸ் எப்படிக் கிடைக்கும்?

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்றாலே நம்ம வீடுகளில் முதலில் ஞாபகம் வருவது திருக்கடையூர். பெரியப்பா மறுபடி தாலி கட்டுவார், பெரியம்மா வெட்கப்படுவார், போட்டோ எடுப்பீங்க, இலையில் உட்காருவீங்க. மதியத்துக்குள் எல்லாம் ஓவர். அப்புறம் பெரியவர்கள் தூக்கம், நீங்கள் மொபைல். அந்த கேப்பில், "தரங்கம்பாடி போலாமா?" என்று ஒரு பிட்டைப் போடுங்கள். சுமார் 8 கிலோமீட்டர்தான். வேன் ஏற்கெனவே வாசலில் நிற்கிறது!

டென்மார்க் கட்டிய ஊர்

ஊருக்கு நிஜமாகவே ஒரு வாசல் உண்டு. 1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயில். அதைத் தாண்டினால் ராஜா வீதி, நேராகக் கடலில் போய் முடிகிறது. 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். கடலோரத்தில் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். மேலே அதிகாரிகள், கீழே சமையலறை, சரக்கு அறை, சிறை. கடைசியில் 1845-ல் இதையும், வங்காளத்தில் இருந்த இன்னொரு ஊரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். "பன்னண்டரை லட்சமா? இன்னைக்கு அதுல ஒரு பிளாட் வருமா?" என்று சித்தப்பா கணக்குப் போடுவார். போடட்டும், விடுங்கள்.

பாட்டி ஸ்பீடுதான் கரெக்ட்!

ஃப்ரெண்ட்ஸோடு பைக்கில் வந்தால் இந்த வீதி ரெண்டு நிமிஷம். கோட்டை முன்னால் ஒரு செல்ஃபி, ஒரு ரீல்ஸ், அடுத்த ஊர். பாட்டியோடு வந்தால் அரை மணி நேரம். பத்தடிக்கு ஒரு தரம், "இருப்பா, கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்பார். உட்காருங்கள். அப்போதுதான் நிமிர்ந்து பார்ப்பீர்கள், எதிரில் இருப்பது 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் என்று.

அதைக் கட்டிய சீகன்பால்கு, 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கியபோது உங்களைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். சின்னப் பசங்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1715-ல் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தே முடித்துவிட்டார்! அவர் கல்லறையும் அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது.

கும்பலில் மாயவரம் பக்கத்துத் தாத்தா யாராவது இருக்கிறாரா? லக்கி நீங்கள். 1980-கள் வரை மயிலாடுதுறையிலிருந்து இந்த ஊருக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. "தாத்தா, அதுல போயிருக்கீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். யாரோடு போனார், எதுக்குப் போனார், டிக்கெட் எடுத்தாரா என்பதெல்லாம் கூகுளுக்குத் தெரியாது!

அலை பாடும்... அதட்டவும் செய்யும்

தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று அழகாக அர்த்தம் சொல்வார்கள். கரையில் மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். 1306-ல் பாண்டியர் காலத்தில் உருவானது. அதன் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையிலும் உயிர்கள் போயின. உங்களில் பல பேர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள். ஆனால் சித்திக்கும் அத்தைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கே இருந்தோம், யாருக்கு போன் போட்டோம் என்பது வரை ஞாபகம் இருக்கும். கேளுங்கள். அதுவரை அரியரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் வேற மாதிரிப் பேசுவார்கள்.

இன்னொண்ணு. அறுபதாம் கல்யாண ஜோடியைக் கொஞ்சம் தனியா விடுங்கப்பா! வாழ்க்கை பூரா நம்ம படிப்பு, நம்ம ஃபீஸ் என்று ஓடியவர்கள். பத்து நிமிஷம் கடலோரமா நடக்கட்டும். மாலையை எல்லாம் நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்...

* மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும். மூணரைக்கு மேல் போனால் நல்லது. குடையும் தண்ணீரும் மஸ்ட்.
* கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. எத்தனை மணி வரை, என்றைக்கு லீவு என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.
* கரையில் பாறைகள் ஜாஸ்தி. குட்டீஸ் கையை விடாதீங்க. குளியல், நீச்சல் சாகசம் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

அடுத்த முறை வீட்டில் "திருக்கடையூர் வர்றியா?" என்று கேட்டால், "ப்ராஜெக்ட் இருக்கும்மா" என்று கதை விடாதீர்கள். ஃப்ரெண்ட்ஸோடு தரங்கம்பாடிக்கு எந்த வருஷமும் போய்க்கலாம். பாட்டியோட முழங்கால் அடுத்த வருஷமும் ஒத்துழைக்குமா, சொல்லுங்க?