நிண்டெண்டோ ஃபன் கிளப் நியூஸ்

நிண்டெண்டோ ஃபன் கிளப் நியூஸ் என்பது நிண்டெண்டோ ஆஃப் அமெரிக்கா நிறுவனம் 1987, 1988 ஆம் ஆண்டுகளில் தன் ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு இலவசமாக அஞ்சலில் அனுப்பிய வீடியோ கேம் இதழ் ஆகும். மொத்தம் ஏழு இதழ்கள் மட்டுமே வெளிவந்தன. எனினும், இவ்விதழும் இதற்குப் பின் வந்த நிண்டெண்டோ பவர் இதழும், அக்காலத்தில் அமெரிக்காவில் வளர்ந்த பலருடைய சிறுவயது நினைவுகளில் விளையாட்டுகளுக்கு இணையான இடத்தைப் பெற்றுள்ளன.

பின்னணி

விளையாட்டு நிறுவனங்கள் சிறுவர்களுடன் அஞ்சல் வழியாகத் தொடர்பு வைத்துக்கொள்ளும் வழக்கம் இதற்கு முன்பே இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஆக்டிவிஷன் நிறுவனம் செய்திமடல் ஒன்றை வெளியிட்டது. பிட்ஃபால் விளையாட்டில் 20,000 புள்ளிகள் பெற்று, தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்து அனுப்பியவர்களுக்குச் சட்டையில் தைத்துக்கொள்ளும் துணிச்சின்னத்தைப் பரிசாக அனுப்பியது.

1983 இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தது. தரம் குறைந்த விளையாட்டுகள் கடைகளில் தேங்கியதால், வணிகர்கள் புதிய கருவிகளை வாங்கி வைக்கத் தயங்கினர். இச்சூழலில் 1985 அக்டோபரில் நிண்டெண்டோ தன் கருவியை நியூயார்க்கில் சோதனை முறையில் விற்கத் தொடங்கியது. வாங்கியவர்களைத் தொடர்ந்து ஈர்த்து வைக்க ரசிகர் மன்றம் ஒரு வழியானது. கருவியுடன் வந்த உத்தரவாத அட்டையை நிரப்பி அனுப்பியவர்கள் உறுப்பினர் ஆயினர். தொடக்கத்தில் நிறுவனத்தின் கிடங்கை நிர்வகித்த ஹோவர்ட் பிலிப்ஸ் மன்றத் தலைவராக வாசகர்களுக்கு அறிமுகமானார்.

உள்ளடக்கமும் தேவையும்

விளையாட்டு உத்திகள், ரகசியக் குறிப்புகள், வரவிருக்கும் விளையாட்டுகளின் முன்னோட்டம் ஆகியவை இதழில் இடம்பெற்றன. இணையம் வீடுகளுக்கு வராத காலம் என்பதால் இத்தகைய குறிப்புகளுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. தி லெஜண்ட் ஆஃப் செல்டா விளையாட்டில் எந்தப் புதரை எரித்தால் வழி திறக்கும், எந்தப் பாறையில் வெடிகுண்டு வைத்தால் குகை தென்படும் என்பதற்குப் பெரும்பாலும் எவ்வித அடையாளமும் இல்லை. பல நாள் தேடலை இதழின் ஒரு வரி முடித்து வைக்கக்கூடும்.

மெட்ராய்டு விளையாட்டில், நிறுத்திய நிலையிலிருந்து தொடர 24 எழுத்துகள் கொண்ட கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைக்க வேண்டியிருந்தது. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் தொடர முடியாமல் போகும். எனவே இத்தகைய இதழ்களின் ஓரங்களில் சிறுவர்களின் கையெழுத்தில் கடவுச்சொற்கள் நிறைந்திருப்பது இயல்பாக இருந்தது.

வாசகர் நினைவுகளில்

கார்ட்ரிட்ஜ்களின் விலை அதிகம். பல வீடுகளில் பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் மட்டுமே புதியது வாங்கித் தரப்பட்டது. அதனால் சிறுவர்கள் விளையாடிய விளையாட்டுகளைவிடப் படித்த விளையாட்டுகளே மிகுதி. தம்மிடம் இல்லாத விளையாட்டின் வரைபடத்தில் விரலால் வழி தேடுவது, பகைவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்வது, பள்ளியில் நண்பர்களுக்கு விளக்குவது எனப் படிப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது. சில நிலைப்படங்களைக் கொண்டு மனத்தில் உருவாக்கிய விளையாட்டு, பின்னாளில் உண்மையாக விளையாடியதைவிடப் பெரிதாகத் தோன்றியதும் உண்டு.

நிண்டெண்டோ பவர்

1988 தொடக்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. இலவசமாக அனுப்புவது பெருஞ்செலவானதால், சந்தா அடிப்படையிலான நிண்டெண்டோ பவர் தொடங்கப்பட்டது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2 விளையாட்டின் களிமண் உருவங்களை அட்டையில் தாங்கிய முதல் இதழ் (சூலை–ஆகத்து 1988) மன்ற உறுப்பினர்களுக்கு இலவசமாக அனுப்பப்பட்டது. 1990 இல் சந்தாதாரர்களுக்கு டிராகன் வாரியர் விளையாட்டு இலவசமாகத் தரப்பட்டது. 2012 திசம்பரில் 285 ஆவது இதழுடன் வெளியீடு நின்றது. முதல் அட்டையை நினைவூட்டும் வகையில் இறுதி அட்டையிலும் களிமண் மாரியோ இடம்பெற்றார்.

மதிப்பீடு

இவ்விதழ்கள் அடிப்படையில் விளம்பரங்களே. கருவியை விற்கும் நிறுவனமே இதழையும் நடத்தியதால், ஒரு விளையாட்டை வாங்க வேண்டாம் என்று இதழ் சொல்வது அரிது. எழுத்துக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவர்கள் அறிவது கடினம். அதே வேளையில் அச்சிறுவர்கள் விரும்பிப் படித்த வாசகர்கள். பொருள் வாங்காமலேயே அதிலிருந்து மகிழ்ச்சி பெற்றவர்கள். இவ்விரண்டும் சேர்ந்ததே இவற்றின் வரலாறு.

பாதுகாப்பு

படித்ததும் வெட்டி ஒட்டப்பட்டும், கிழிக்கப்பட்டும், வீடு மாறும்போது எறியப்பட்டும் பல பிரதிகள் அழிந்தன. இணைய ஆவணகத்தில் இருந்த நிண்டெண்டோ பவர் மின்வருடல்கள் 2016 இல் நிண்டெண்டோவின் கோரிக்கையால் நீக்கப்பட்டன. 2017 இல் தொடங்கப்பட்ட வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பழைய விளையாட்டு இதழ்களைச் சேகரித்து வருகின்றன. பழைய விளையாட்டுகளை இன்றும் இயக்கிப் பார்க்க இயலும். அவை அக்காலச் சிறுவர்களுக்கு எவ்வாறு அறிமுகமாயின என்பதை அறிய, அவர்கள் எறியாமல் வைத்திருந்த இதழ்களே முதன்மைச் சான்றாக உள்ளன.