யாரைக் காப்பது, யாரை விடுவது?

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் பேருந்துகள் சற்றே இளைப்பாறிச் செல்லும் நமது யோங் பெங்கில், ஹாக்கி என்றதும் பள்ளித் திடலின் புல்தரையே எவர்க்கும் நினைவில் எழும். உறைந்த பனித்தரைமீது சறுக்கியவாறே ஆடும் வட அமெரிக்க ஹாக்கி நமது வெயிலுக்கு முற்றிலும் அந்நியமானது. ஆயினும் அவ்வாட்டத்தைச் சார்ந்து வளர்ந்துள்ள நுட்பமான ஒரு கலை, இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஐபிஎல் கிரிக்கெட்டுக்காகக் கண்விழிக்கும் நம்மவர் அவசியம் அறியத்தக்கது.

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் புதிய குழு ஒன்று சேரும்போது, பழைய குழு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு வழங்கப்படுகிறது. 2017-இல் லாஸ் வேகாஸுக்கும், 2021-இல் லாஸ் வேகாஸ் மட்டும் விலக்குப் பெற, சியாட்டிலுக்கும் இவ்வாறே நடந்தது. பழைய குழு, முன்கள ஆட்டக்காரர் எழுவர், தற்காப்பாளர் மூவர், கோல் காவலர் ஒருவர் ஆகியோரைக் காத்துக்கொள்ளலாம். அன்றி, முன்களம், தற்காப்பு என்ற பேதமின்றி எண்மரையும் ஒரு கோல் காவலரையும் காக்கலாம்.

இப்பட்டியலைத் திறமையின் வரிசையாகக் கருதுவதே முதற்பிழை. புதியவன் எவனைச் சுமக்கத் துணிவான், எவனைக் கண்டு தயங்குவான் என்று எதிராளியின் மனத்துக்குள் புகுந்து பார்க்கும் விவேகமே இங்கு வேண்டுவது. 2021-இல் மான்ட்ரியால் குழு, கேரி பிரைஸ் என்ற கீர்த்தி பெற்ற கோல் காவலரை, அவரது சம்மதத்துடனேயே, காவாது விட்டது. ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டாலராக 2026 வரை நீளும் அவரது ஒப்பந்தத்தைச் சியாட்டில் ஏற்காது என்ற அனுமானம் பலித்தது. பிரைஸும் தங்கினார், அவருக்குப் பதிலாகக் காக்கப்பட்ட ஜேக் ஆலனும் தங்கினார். புளோரிடாவின் கணக்கோ பிழைத்தது. ரைலி ஸ்மித்தின் நீண்ட ஒப்பந்தச் சுமையை இறக்கிவைக்கும் நோக்குடன், அப்பருவத்தில் 30 கோல் அடித்த ஜோனதன் மார்ஷஸோவையும் 2017-இல் அது கைவிட, இருவரும் லாஸ் வேகாஸ் சேர்ந்தனர். 2023-இல் லாஸ் வேகாஸ் அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது இறுதியில் தோற்று நின்றது அதே புளோரிடா. சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் அதே மார்ஷஸோ.

ஐபிஎல்லில் இந்த நிர்ப்பந்தம் இன்னும் கடுமையானது. லக்னோவும் குஜராத்தும் புதிதாகச் சேர்ந்தபோது, பழைய குழு எட்டும் தலா நால்வருக்கு மேல் வைத்துக்கொள்ள இயலவில்லை. எஞ்சியோர் அனைவரும் பொதுவில் விடப்பட, புதிய குழுக்கள் அவர்களுள் மும்மூவரை முதலில் எடுத்துக்கொண்டன, மற்றோர் ஏலத்துக்குப் போயினர். பனித்தரையில் ஒருவரை இழப்பவர்க்கு இது எத்தகைய சோதனை!

2021-ஆம் ஆண்டுக் கோப்பையை வென்றிருந்த சென்னை, அவ்வாண்டு நவம்பரில் ஜடேஜாவை 16 கோடி ரூபாய்க்கும் தோனியை 12 கோடிக்கும் மொயின் அலியை 8 கோடிக்கும் ருதுராஜ் கெய்க்வாடை 6 கோடிக்கும் தக்கவைத்தது. அப்பருவத்தில் ருதுராஜ் எடுத்த ஓட்டங்கள் 635, அவருடன் தொடக்கத்தில் இறங்கிய டூ பிளெசி எடுத்தவை 633. ஆனால் ஒருவருக்கு வயது 24, மற்றவருக்கு 37. டூ பிளெசியை விட்டது என்னைப் போன்றோர் நெஞ்சை வருத்தியது மெய்யே. எனினும் அம்முடிவு சரியானது என்பேன். டூ பிளெசி பெங்களூருக்குத் தலைமை ஏற்றார். தோனிக்குப் பின் 2024-இல் சென்னையின் தலைமை ருதுராஜிடம் வந்தது.