மடிப்புக் கலைக்குரிய கைக்காகிதம்

வாழைத் தாரை அறுத்தபின் மரத்தை வெட்டி அழுகவிடுவது நம் குடியானவர்களின் வழக்கம். அம்மரத்துப் பட்டையிலுள்ள நார், உயர்ந்த கைக்காகிதம் செய்வதற்கு உதவக்கூடியது. பசுந்தாளுரமாக விதைக்கும் சணப்பையில் ஒரு பாத்தியைக் காய் பிடிக்கும்வரை விட்டுவைப்பின், அதன் நாரும் இதற்குப் பயன்படும்.

ஒரே சதுரக் காகிதத்தை வெட்டாமலும் ஒட்டாமலும் மடித்து உருவங்கள் சமைக்கும் ஜப்பானியக் கலைக்கு ஓரிகாமி என்று பெயர். கால்களும் கொம்புகளும் உடைய வண்டு முதலியவற்றை மடிக்குங்கால் ஓரிடத்திலேயே பல அடுக்குகள் சேர்கின்றன. சாதாரண அச்சுக் காகிதம் அங்கே தடித்துப் பிளந்துவிடும். ஆதலின் மெல்லியதும், நீண்ட நாருடையதும், மடித்த மடிப்பில் நிற்பதுமான காகிதம் வேண்டும். ஜப்பானில் இதற்குக் காகித முசுக்கட்டையின் பட்டையும், அமெரிக்காவில் வாழையினத்தைச் சேர்ந்த அபாக்கா நாரும் பயன்படுகின்றன. ஆகவே நம் வாழை நாரும் பரீட்சிக்கத் தக்கதே.

செய்முறை வருமாறு: சீவி உலர்த்திய நாரைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஓரிரவு ஊறவைக்க வேண்டும். நார் ஒரு கிலோவுக்குச் சலவைச் சோடா சுமார் 200 கிராம் சேர்த்து, நார் விரலால் எளிதிற் பிரியும்வரை வேகவைக்கவும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. சோடா அதை அரித்துவிடும். பின்னர்த் தண்ணீர் தெளியும்வரை அலசி, மரச் சம்மட்டியால் இடித்துக் கூழாக்க வேண்டும். இடி மிகுந்தால் காகிதம் உறுதியும் முறுமுறுப்பும் பெறும். ஆயின் உலரும்போது சுருக்கமும் மிகும்.

கூழைத் தொட்டி நீரிற் கலக்கிச் சல்லடைச் சட்டத்தால் அள்ளி, நெடுக்கிலும் குறுக்கிலும் அசைத்தால் நார் எல்லாத் திசையிலும் சமமாகப் படியும். ஜப்பானியர் வெண்டையினச் செடியொன்றின் வேர்ப்பசையைத் தொட்டியிற் சேர்ப்பர்; அது நார் திரளாமற் காக்கும். ஏட்டைத் துணிமேற் கவிழ்த்து, அழுத்தி நீரகற்றி, வழவழப்பான பலகையில் ஒட்டி உலர்த்துக. உலர்ந்தபின் மீதைல் செல்லுலோஸ் பசையை மெல்லப் பூசினால் மடிப்பு நிலைக்கும்.

சதுர மீட்டருக்கு 30 கிராம் கனமுள்ள காகிதத்தில், பக்கம் 60 சென்டிமீட்டர் உள்ள சதுர ஏடு சுமார் 11 கிராம் நிறுக்கும். சேதம் நீங்கலாக ஒரு கிலோ கூழ்நாரில் ஏறக்குறைய 90 ஏடுகள் கிடைக்கும். எனினும், முதலில் பத்து ஏடுகள் செய்து மடிப்புக் கலைஞரிடம் காட்டி, அவர் ஒப்பியபின் முதலிடுவதே விவேகம்.

பள்ளிக்கரணைப் பக்கத்தார் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீரைத் தாங்கி ஒக்கியம் மடுவு வழியே வெளியேற்றும் அச்சதுப்பு நிலம், 2022-ல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சம்பையும் கோரையும் பறவைகளுக்கு உறைவிடம். காகிதத்தின் பொருட்டு அவற்றை அறுக்கலாகாது. வேகவைத்த காரநீரை ஏரியிலோ வாய்க்காலிலோ விடுதலும் தகாது. கிராம அதிகாரிகள் தொழிலைத் தொடங்குமுன்னரே கழிவுநீருக்கு வழி செய்யப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் நலம்.

தஞ்சையிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1934-ல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தின் வாயிலாகக் கைக்காகிதத்தை ஆதரித்தார். புதுச்சேரி அரவிந்த ஆசிரமத்தின் கைக்காகிதச் சாலை 1959-ல் தொடங்கியது. கழிவென எறியும் பொருளுக்கு மதிப்புத் தேடுவதே இத்தொழிலின் சாரம். நீரைக் கெடுத்து அம்மதிப்பைத் தேடின், வரவிலும் செலவே மிகும்.