யானைக்கால் வியாதியும் நமது கடமையும்

வீராணத்து நீர் பாயும் லால்பேட்டைப் பிரதேசத்தில் நெல்லுக்குக் குறைவில்லை. ஆயினும் இப்பக்கத்திலும், சிதம்பரம், கடலூர், கும்பகோணம் முதலிய இடங்களிலும் நெடுங்காலமாக வேரூன்றியிருந்த வியாதியொன்று உண்டு. அதுவே யானைக்கால். அதைப் பற்றி நம்மவரிடையே உலவும் தப்பெண்ணங்களுக்கு அளவில்லை. ஏரித் தண்ணீரைக் குடித்ததால் வந்தது என்பர் சிலர். பரம்பரை தோஷம் என்பர் சிலர். முன்வினைப் பயன் என்பர் வேறு சிலர். மூன்றும் பிழையே.

நூல் போன்ற ஒருவகைப் புழுவே இதற்குக் காரணம். நிணநீர்க் குழாய்களில் தங்கி அது ஆண்டுக்கணக்கில் உயிர் வாழும். அதன் நுண்ணிய குஞ்சுகள் இராக்காலத்தில் இரத்தத்தில் உலவும். சோதனைக்கு நடுநிசியையொட்டி இரத்தம் எடுப்பது இதனாலேதான். 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் என்னும் வைத்தியர் இக்குஞ்சுகளை மனித இரத்தத்தில் கண்டார். 1877-இல் சீன தேசத்து ஆமாய் துறைமுகத்தில் மான்ஸன் என்பார், அவை கொசுவின் உடலில் புகுந்து வளர்வதைக் கண்டார். நமது பக்கத்தில் இவ்வியாதியைப் பரப்பும் கொசு, வீட்டு வாசலில் தேங்கிய சாக்கடை நீரில் பெருகுவது. குற்றவாளியை வாசலில் வைத்துக்கொண்டு, நிரபராதியான ஏரியைக் கூண்டில் நிறுத்தினோம்!

இளம் பிராயத்தில் புகும் புழு, பல்லாண்டுகள் கழித்தே காலை வீங்கச் செய்யும். ஆகவே, திடகாத்திரமாகத் தோன்றும் ஒருவனுடைய இரத்தத்திலும் குஞ்சுகள் இருக்கக்கூடும். அவனுக்கு அது தெரியாது. அவன் அண்டை வீட்டாருக்கும் தெரியாது. அவனைக் கடித்த கொசுவோ இருவருக்கும் பொது.

இக்குஞ்சுகளைக் கொல்லும் டி.இ.சி. என்னும் மருந்து, 1947-இல் அமெரிக்காவில் எல்லாப்ரகட சுப்பாராவ் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில் பிறந்தது. சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்த காரணத்தால் எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டவர் அவர். இந்தியாவில் 1955-இல் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. நோயுள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஜனங்கள் யாவருக்கும் ஆண்டுக்கொருமுறை இம்மருந்தை வழங்கும் முறை, தமிழ்நாட்டில் 1996-இல் நமது கடலூர் ஜில்லாவிலேயே முதலில் கையாளப்பட்டது. அண்டை நாடாகிய இலங்கை, இவ்வியாதியைப் பொதுச் சுகாதாரத் தொல்லையாக இல்லாதபடி ஒழித்துவிட்டதென்று 2016-இல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. இந்தியா 2027-ஐ எல்லையாக வைத்திருக்கிறது.

மருந்து வழங்கும் ஊர்களில், “எனக்கு நோயில்லையே, மாத்திரை எதற்கு?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். வாங்கிய மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவோரும் உண்டு. இது தன் வீட்டுக் கூரையில் தீயில்லை என்று ஊர்த் தீயை அணைக்க மறுப்பது போன்றது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் நீங்கலாக ஏனையோர் உட்கொள்ள வேண்டியதே. சிலருக்குச் சிறிது ஜுரமோ தலைசுற்றலோ வரலாம். புழுக்குஞ்சுகள் மடிவதன் அறிகுறியாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

ஏற்கனவே பெரிதாக வீங்கிய காலை இம்மாத்திரை பழைய நிலைக்குக் கொண்டுவராது. இதை மறைத்தல் கூடாது. ஆயினும் தினந்தோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளையும் ஈரமின்றித் துடைத்து, புண்களுக்கு மருந்திட்டு, உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்துவந்தால், அடிக்கடி வரும் ஜுரமும் வலியும் வெகுவாகக் குறையும். விரைவீக்கத்துக்கு ரண சிகிச்சை உண்டு. தொடுவதால் இந்நோய் ஒட்டாது. தாயிடமிருந்து மகளுக்கும் வாராது. இதைக் காரணங்காட்டிக் கலியாணத்தைத் தடுப்பதும், பந்தியில் ஒதுக்குவதும் அறியாமையேயன்றி வேறல்ல.

தேச சேவை மேடையில் மட்டும் இல்லை. நமது வாசகர்கள் தத்தம் தெருச் சாக்கடையை இன்றே சென்று பார்க்கட்டும். நீர் தேங்கியிருப்பின் பஞ்சாயத்தாரை விடாது கேட்கட்டும். பிறகு, வீங்கிய காலோடு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அண்டை வீட்டாரிடம் சென்று, கால் கழுவும் முறையைக் கூறட்டும். புழுவை ஒழிப்பது மருந்தின் வேலை. அந்த மனிதரைத் திரும்பவும் தெருவுக்கு அழைத்து வருவது நமது வேலை.