ஆய்வகத்தில் ரோபோ, சாக்கடையில் மனிதன்

பெங்களூரு: ரோபோ ஆராய்ச்சிக்கென மத்திய அரசு தனி ஆய்வகம் அமைத்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆய்வகம் அமைந்துள்ள நகரத்தையும் சேர்த்தே 6 பெருநகரங்களில், மனிதர்களைப் பாதாள சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29-ஆம் தேதி உத்தரவிட வேண்டியிருந்தது. அந்த நகரம் பெங்களூரு.

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு, செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபோவியல் மையத்தை 1986-இல் இங்கு தொடங்கியது. ராணுவத்துக்கான ரகசியத் தகவல் தொடர்புப் பணிகளும் 2000-ஆம் ஆண்டில் அதனுடன் சேர்க்கப்பட்டன. பின்னர், இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அமைந்த செயற்கை நுண்ணறிவு, ரோபோ தொழில்நுட்பப் பூங்காவுக்கு மத்திய அரசு ரூ.170 கோடியும் கர்நாடக அரசு ரூ.60 கோடியும் வழங்க முன்வந்தன. அறிவுக்கோ ஆய்வு நிதிக்கோ இங்கு பஞ்சமில்லை. ஆய்வகத்தில் உருவாகும் கருவி, ஆபத்து நேரும் இடத்துக்கு உரிய காலத்தில் போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி.

ராணுவத்தில் அது நடந்திருக்கிறது. இதே அமைப்பின் புணே ஆய்வகம் உருவாக்கிய "தக்ஷ்" ரோபோ, படியேறிச் சென்று சந்தேகத்துக்குரிய பொருளை ஊடுகதிர் மூலம் ஆராய்ந்து, உயரழுத்த நீர்த்தாரையால் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. இயக்குபவர் பாதுகாப்பான தொலைவில் இருப்பார். 20 ரோபோக்களுக்கு ராணுவம் ஆணை வழங்கியது. முதல் தொகுதி 2011 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்டது. தேவை இன்னதென வரையறுக்கவும், வாங்கவும், பயிற்சி பெறவும் அங்கு ஓர் அமைப்பு இருந்தது. நகராட்சிகளிலும் மீட்புப் பணிகளிலும் இல்லாமற்போவது இதுதான்.

ஜப்பான் தந்த பாடம்

இந்தக் குறை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1999-இல் டோகாய்முராவில் நேர்ந்த அணு விபத்துக்குப் பிறகு, அத்தகைய இடங்களில் பணியாற்றும் ரோபோக்களை ஜப்பான் உருவாக்கியது. அவை தேவைப்படா என்று கருதப்பட்டதால் திட்டம் தொடரவில்லை. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலைகள் சேதமடைந்தபோது, கட்டடங்களுக்குள் முதலில் அனுப்பப்பட்டவை அமெரிக்க ரோபோக்கள். ரோபோ நாடு என்று பெயரெடுத்த ஜப்பானின் சொந்த ரோபோ அதன் பின்னரே உள்ளே சென்றது.

2023 நவம்பரில் உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர்கள் சிக்கியபோது, தொலைவிலிருந்து இயக்கும் வாகனங்கள் கொண்டுவரப்பட்டன. மணல் போன்ற தரையில் அவை நகருமா என்ற ஐயம் அங்கு சென்ற பிறகே எழுந்தது. பெங்களூரிலிருந்து சென்ற ஒரு குழு, ஆளில்லா விமானத்தின் துணையுடன் உட்பகுதியின் நிலையை ஆராய்ந்தது. குழாய் வழியே செலுத்தப்பட்ட கேமரா, தொழிலாளர்கள் உயிருடன் இருப்பதை உலகுக்குக் காட்டியது. ஆனால், அமெரிக்கத் துளையிடும் இயந்திரம் உடைந்த பிறகு, கடைசிச் சில மீட்டர்களைக் கையால் தோண்டி 17-ஆம் நாளில் வழி திறந்தவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள்.

தெலங்கானாவில் ஸ்ரீசைலம் இடதுகரைக் கால்வாய்ச் சுரங்கம் 2025 பிப்ரவரி 22-இல் சரிந்து 8 பேர் சிக்கினர். ஹைதராபாத் நிறுவனமொன்றின் ரோபோக்கள் வரவழைக்கப்பட்டபோது இரண்டு வாரங்களுக்கு மேல் கடந்துவிட்டன. அதற்குள் முதல் உடல் கிடைத்திருந்தது. அதற்கு வழிகாட்டியவை மோப்ப நாய்கள்.

தமிழகமும் இந்த வேதனையை அறியும். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுச் சிறுவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். பல ஊர்களிலிருந்து வந்த குழுக்கள் தத்தம் கருவிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தன. நான்கு நாள்களுக்குப் பிறகு சடலமாகவே மீட்கப்பட்டான். கருவிக்கான சோதனைக்களம் விபத்து நடந்த இடமாகவே இருந்ததுதான் அங்கு கண்ட அவலம்.

377 உயிர்கள்

சுரங்க விபத்து எப்போதோ நிகழ்வது. சாக்கடை மரணம் அப்படியல்ல. பாதாள சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றைச் சுத்தம் செய்யும்போது 2019 முதல் 2023 வரை 377 பேர் உயிரிழந்ததாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசே தெரிவித்தது. இத்தகைய பணியில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கான இழப்பீட்டை ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.30 லட்சமாக 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

இங்கே தேவைப்படும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் உருவாக்கிய "பேண்டிகூட்" ரோபோ, 2018-இல் அந்நகரில் பணிக்கு வந்தது. அதன் இயந்திரக் கை குழிக்குள் இறங்கிக் கழிவை அள்ளுகிறது. உணரிகள் நச்சு வாயுவைக் கண்டறிகின்றன. தொழிலாளி மேலே நின்று திரையைப் பார்த்து இயக்குகிறார். ஹைட்ரஜன் சல்பைடு வாயு செறிவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். ஆபத்தை மூக்கால் உணர முடியாத இடத்தில், உணரி ஆடம்பரமன்று.

கருவியை வாங்குவதோடு கடமை முடிவதில்லை. பழுது பார்க்க ஆள், உதிரி பாகம், குறுகிய தெருவிலும் செல்லும் வாகனம், இதுவரை குழிக்குள் இறங்கியவருக்கே இயக்குநர் பயிற்சியும் நிரந்தர வேலையும் ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் ரோபோ உயிர் காக்கும். ஒப்பந்ததாரரின் அழைப்பை ஏற்று அன்றாடக் கூலிக்கு இறங்குபவர் இந்த வளையத்துக்கு வெளியே விடப்பட்டால், மாநகராட்சிக் கொட்டகையில் ரோபோ நிற்க, குழிக்குள் மனிதர் இறங்குவது தொடரும்.

உயிரிழந்தவர்கள் எத்தனை பேர் என்று அவையில் உறுப்பினர்கள் கேட்கின்றனர். அரசும் எண்ணிக்கையைத் தருகிறது. எந்த நகரில் எத்தனை கருவிகள் உள்ளன, அவற்றில் எத்தனை இயங்குகின்றன, இயக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்றும் அவர்கள் கேட்க வேண்டும். அந்தக் கணக்கு ஒழுங்காக வெளிவரத் தொடங்கினால், முந்தைய கணக்கு குறைய வழி பிறக்கும்.