வேற்றுலகில் உயிர்கள்: எண்ணமும் சான்றும்

காசிமேடு முதல் எண்ணூர்க் கழிமுகம் வரை நீளும் நம் கடற்கரையில் வாழ்வோர்க்குக் கடலின் மணம் புதிதன்று. அம்மணத்தில் கலந்துள்ள வளிகளுள் ஒன்று டைமெத்தில் சல்பைடு. கடல்நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்ப் பாசிகளே அது தோன்றுவதற்குப் பெரிதும் காரணமாகும். 2025 ஏப்ரலில் இவ்வளியின் பெயர் உலகச் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. ஏறத்தாழ 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்னும் கோளில் இதன் அறிகுறி தென்படுவதாக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழுவினர் அறிவித்தனர். அவ்வாறாயின் பூமிக்கு அப்பாலும் உயிர் உண்டு என்பது உறுதியாகிவிட்டதா?

வாய்ப்பு எத்துணை?

சூரியனைப் போன்ற பிறிதொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முதலில் 1995இல் கண்டறியப்பட்டது. 2025 செப்டம்பரில் இத்தகைய வெளிக்கோள்களின் எண்ணிக்கை 6000ஐ எட்டியது. நம் பால்வெளி மண்டலத்தில் மட்டும் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன. உயிருக்கு அடிப்படையான கரியும் நீரும் அண்டவெளியில் அரியன அல்ல. இவற்றை நோக்க, வாய்ப்பு பெரிது என்றே தோன்றும். ஆயினும், உயிரற்ற பொருளிலிருந்து உயிர் எளிதில் தோன்றுமா, அரிதில் தோன்றுமா என்பதை எவரும் அறியார். நாம் அறிந்த உயிருலகம் பூமி ஒன்றே. ஒன்றை மட்டும் கண்டு பலவற்றின் கணக்கைக் கூறுதல் இயலாது.

சான்று எத்தகையது?

ஒரு கோள் தன் விண்மீனின் முன்னே கடந்து செல்லும்போது, விண்மீனின் ஒளி அக்கோளின் வளிமண்டலத்தில் ஊடுருவி வருகிறது. ஒவ்வொரு வளியும் தனக்குரிய ஒளி அலைகளை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். அங்ஙனம் குறைந்த அலைகளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்து காட்டுகிறது. கே2-18பி கோளில் கண்ட அறிகுறி தற்செயலாகத் தோன்றியிருக்கக்கூடிய வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என அக்குழுவினரே கணித்தனர். ஒன்றைக் கண்டுபிடிப்பு என ஏற்க அறிவியல் வேண்டும் உறுதியோ இதனினும் மிகப் பெரிது. அதே அளவீடுகளை ஆராய்ந்த பிற அறிஞர்கள் சான்று போதாது என்றனர். மேலும், உயிர்கள் வாழாத வால்வெள்ளி ஒன்றிலும் இவ்வளி இருப்பது 2024இல் தெரியவந்தது. எனவே மணம் உண்டு என்பதால் மீன் உண்டு என்று முடிவு கட்டுதல் பொருந்தாது.

சென்னை தந்த பாடம்

இத்தகைய எச்சரிக்கை ஏன் வேண்டும் என்பதற்கு நம் சென்னையின் வரலாறே சான்று பகரும். நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வுக்கூடத்தின் தலைவராக விளங்கியவர் கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னர், 1855இல், 70 ஓபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் இயக்கத்தில் காணும் பிறழ்வுக்குக் கோள் ஒன்று காரணமாகலாம் என அவர் எழுதினார். வெளிக்கோள் பற்றிய மிகத் தொடக்க கால அறிவிப்புகளுள் அதுவும் ஒன்று. பின்னர் அமெரிக்க அறிஞர் சீ என்பாரும் அக்கருத்தை வலியுறுத்தினார். ஆனால், அவர் கூறிய பாதையில் கோள் நிலைத்திருக்க இயலாது என 1899இல் மோல்டன் கணிதவழி நிறுவினார். ஜேக்கப்பின் பெருமை இதனால் குன்றவில்லை. அவர் 'பெரிதும் இருக்கக்கூடும்' என்றாரேயன்றி 'இருக்கிறது' என்று அறுதியிடவில்லை.

நம் கடமை

12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள், உலகம் ஒன்றே என வாதிட்ட மெய்யியலாரை மறுத்து, ஆயிரமாயிரம் உலகங்களைப் படைக்கவும் இறைவன் ஆற்றலுடையவன் என விளக்கினார்கள். இயலும் என்பது வேறு. உள்ளது என்பது வேறு. முன்னதை நம்பிக்கையும் அறிவும் ஒருசேர ஏற்கும். பின்னதற்குச் சான்று வேண்டும். செய்தி ஒன்று வந்த மறுநாளே அதனைத் திருமறைக்கு ஆதாரமென மேடையில் முழங்குவதும், மார்க்கத்திற்கு முரணென அஞ்சி ஒதுக்குவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்களே. இன்றைய செய்தி நாளை மாறக்கூடும். மறையின் மாண்பை அதனோடு பிணைத்தல் முறையன்று.

அன்பு மாணவர்களே! அறியாததை 'அறியோம்' என்று கூறும் நேர்மையும், அறியும் வரை ஆராயும் ஊக்கமும் கல்வியின் இரு கண்கள். அவ்விரண்டையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!