கூட்டுத்தட வானொலி: கேட்கத் தொடங்குவோர்க்கு ஒரு விளக்கம்

முன்னாளில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குத் தொலைபேசியில் பேச விரும்பியவர், ‘ட்ரங்க் கால்’ பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார். ஊருக்கும் ஊருக்கும் இடையே ஓடிய கம்பிகள் சிலவே. பேச விழைந்தோரோ பலர். எந்தக் கம்பியும் எவர்க்கும் தனியுரிமை உடையதன்று. காலியாகும் கம்பியை அடுத்தவர்க்கு இணைத்துக் கொடுத்தனர் இணைப்பகத்தார். அப்பொதுக் கம்பிக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரே ‘ட்ரங்க்’ என்பது. அதே முறையை வானலைக்குக் கொண்டுவந்தபோது பிறந்தது ‘ட்ரங்க்’ வானொலி. தமிழில் இதனைக் கூட்டுத்தட வானொலி எனலாம்.

அமெரிக்காவில் காவல்துறையினர், தீயணைப்போர், மருத்துவ வண்டியினர், நகராட்சி ஊழியர் முதலியோர் பேசிக்கொள்ள இம்முறை பெரிதும் பயன்படுகிறது. அங்கே இப்பேச்சைக் கேட்பது பலர்க்குப் பொழுதுபோக்கு, செய்தியாளர்க்குத் தொழிற்கருவி. விலை குறைந்த சிறு கருவியும் கணிப்பொறியும் இருந்தால் இன்று எவரும் தொடங்கலாம். ஆயினும் தொடங்குவோருள் பலர், கருவி பழுது என்றெண்ணிச் சில நாளிலேயே கைவிட்டுவிடுகின்றனர். பழுது கருவியில் இல்லை. அமைப்பு இயங்கும் விதத்தை அறியாமையே காரணம்.

அறை குறைந்த பள்ளி

பத்து வகுப்புகளும் ஐந்து அறைகளும் உள்ள ஒரு பள்ளியை எண்ணிப் பாருங்கள். எல்லா வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் அறை வேண்டுவதில்லை. சில விளையாட்டுத் திடலில் இருக்கும், சில தோட்டத்தில் இருக்கும். அறை வேண்டும் வகுப்பு அலுவலகத்தில் கேட்கிறது. எழுத்தர் காலியான அறையின் எண்ணைச் சொல்கிறார். பாடம் முடிந்ததும் அறை மீண்டும் பொதுவாகிறது.

இப்பள்ளிக்கு வந்த ஒருவர் மூன்றாம் அறையிலேயே அமர்ந்திருந்தால் என்ன கேட்பார்? வரலாற்றில் ஒரு துண்டு, பின்னர் அமைதி, அடுத்துக் கணக்கில் ஒரு துண்டு. எதுவும் விளங்காது. ஐந்தாம் வகுப்பின் பாடத்தைத் தொடர்ந்து கேட்க விரும்புபவர் எழுத்தரின் மேசையருகே நிற்கவேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு எந்த அறை கிடைத்தது என்று அறிந்து, அதன் பின்னே செல்லவேண்டும்.

கூட்டுத்தட வானொலியில் அறைகளே அலைத்தடங்கள். வகுப்புகளே பேச்சுக்குழுக்கள். எழுத்தரின் மேசைதான் கட்டுப்பாட்டுத் தடம். இம்மூன்றையும் மனத்தில் கொண்டால் மற்றவை எளிது.

பகிர்வதால் வரும் ஆதாயம்

தடங்களைப் பொதுவாக்குவது ஏன்? இதற்குரிய கணக்கை வகுத்தவர் டென்மார்க் நாட்டின் கணித அறிஞர் எர்லாங் (1878–1929). கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், தொலைபேசி அழைப்புகள் பற்றிய தம் கணக்கை 1909-இலும் 1917-இலும் வெளியிட்டார்.

ஐந்து துறைகள் உள்ளன என்க. ஒவ்வொரு துறையின் பேச்சும் ஒரு தடத்தின் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை நிரப்புகிறது. துறைக்கு ஒரு தடம் எனப் பிரித்துக் கொடுத்தால், பேச முற்படுவோர் தடம் நிறைந்திருக்கக் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 20. மாறாக, ஐந்து தடங்களில் ஒன்றைக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கி, எஞ்சிய நான்கை எல்லார்க்கும் பொதுவாக்கினால், எர்லாங் வாய்பாட்டின்படி காத்திருக்க நேரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 மட்டுமே. ஒரு தடத்தை இழந்த பின்னும் நெருக்கடி பத்தில் ஒன்றாகிறது. தீ விபத்தின்போது பேச வாய்க்கும் நொடியின் அருமையை எண்ணினால், இக்கணக்கின் மதிப்பு விளங்கும்.

ஒரு பேச்சு செல்லும் வழி

அமெரிக்காவில் பெருவழக்கிலுள்ள எண்முறை வானொலித் தரம் ‘புராஜெக்ட் 25’ ஆகும். அதனை வகுக்கும் பணி 1989-இல் தொடங்கியது. சுருக்கமாக ‘பி-25’ என்பர்.

காவலர் ஒருவர் தம் கருவியின் பொத்தானை அழுத்துகிறார். உடனே அக்கருவி, ‘இக்குழுவுக்குத் தடம் வேண்டும்’ என்று நிலையத்துக்குக் குறிப்பு அனுப்புகிறது. நிலையத்துக் கணிப்பொறி, ‘இக்குழுவினர் இத்தடத்துக்குச் செல்க’ என்று கட்டுப்பாட்டுத் தடத்தில் அறிவிக்கிறது. அக்குழுவின் கருவிகள் அனைத்தும் கண்ணிமைப்பொழுதில் அங்கே தாவுகின்றன. பேச்சு முடிந்ததும் மீள்கின்றன. மறுமொழி வேறொரு தடத்தில் வருதலும் உண்டு. ஆகவேதான் ஒரே தடத்தில் காத்திருப்பவர்க்குக் கேள்வி கேட்கும், விடை கேட்காது.

கட்டுப்பாட்டுத் தடத்தில் மனிதக் குரல் இல்லை. நொடிக்கு 9,600 துணுக்குகள் வீதம் எண்செய்தி ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண வானொலியில் அது விடாத இரைச்சலாகவே ஒலிக்கும்.

மென்பொருள் வானொலி

பழைய வானொலிப் பெட்டியில் அலையைப் பிரிப்பதும் ஒலியாக்குவதும் மின்சுற்றுகளின் வேலை. மென்பொருள் வானொலியிலோ சிறு கருவியொன்று அலையை எண்களாக மாற்றித் தருவதோடு நின்றுவிடும். மற்ற வேலையைக் கணிப்பொறியின் நிரல் செய்யும். ஜோசப் மிட்டோலா 1992-இல் எழுதிய கட்டுரை இக்கருத்தைப் பரப்பியது.

2012-இல் இத்துறை எளியோர் கைக்கு வந்தது. கணிப்பொறியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்ற விரலளவுக் குச்சிகளில் ரியல்டெக் நிறுவனத்தின் ‘ஆர்.டி.எல். 2832யூ’ என்னும் சில்லு இருந்தது. அது அலையின் எண்களை அப்படியே கொடுக்கவல்லது என்பதை ஆர்வலர்கள் கண்டறிந்தனர். அவ்வகைக் குச்சி ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் காணும். அந்த அகலத்துக்குள் அமைந்த தடங்கள் அனைத்தையும் நிரல் ஒருங்கே கவனிக்க இயலும்.

தொடங்கும் முறை

முதலில், கேட்க விரும்பும் அமைப்பு எவ்வகையினது, அதன் கட்டுப்பாட்டுத் தடம் எது என்று அறியவேண்டும். அமெரிக்காவில் ஆர்வலர்கள் தொகுத்த பட்டியல்கள் உள்ளன. அங்கே பொதுக் காப்புத்துறையின் நிலையங்கள் பல 851 முதல் 869 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ஒலிபரப்புகின்றன. கணிப்பொறித் திரையில் இடைவிடாது ஓடும் கோடு ஒன்று தென்பட்டால், அது கட்டுப்பாட்டுத் தடமாக இருக்கலாம். பேச்சுத் தடங்கள் தோன்றித் தோன்றி மறையும்.

அடுத்து, ‘எஸ்.டி.ஆர். ட்ரங்க்’ போன்ற இலவச நிரலில் அக்கட்டுப்பாட்டுத் தடத்தின் அலைவெண்ணைக் கொடுக்கவேண்டும். பி-25 அமைப்பு தன் தடங்களின் அலைவெண்களைக் கணக்கிடுவதற்கான குறிப்பையும் தானே ஒலிபரப்புகிறது. ஆதலின் அந்த ஓர் எண் கிடைத்தாலே நிரல் மற்றவற்றை அறிந்துகொள்ளும். பின்னர்க் குழு எண்களுக்குப் பெயரிட்டு, வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து கேட்கலாம். தடங்கள் 2.4 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விரிந்து கிடந்தால் இரண்டாவது குச்சி தேவைப்படும்.

வழக்கமான இடர்கள்

ஒன்று, அலைவெண் பிறழ்தல். மலிவான குச்சியில் பத்து இலட்சத்துக்கு 50 பங்கு பிழை இருப்பது வியப்பன்று. 850 மெகாஹெர்ட்ஸில் அப்பிழை 42.5 கிலோஹெர்ட்ஸ் ஆகிறது. ஒரு தடத்தின் அகலம் 12.5 கிலோஹெர்ட்ஸ், எனவே கேட்பவர் மூன்று தடங்களுக்கு அப்பால் தேடிக்கொண்டிருப்பார். நிரலில் திருத்தம் கொடுத்தால் இது தீரும்.

இரண்டு, பெருக்கத்தை மிகுதியாக வைத்தல். ஒலி வரவில்லையென்று பெருக்கத்தை உச்சத்துக்கு ஏற்றினால், அருகிலுள்ள வலிய நிலையங்கள் குச்சியைத் திணறடிக்கும். குறைத்து வைத்துச் சிறிது சிறிதாக ஏற்றுக. ஏரியலும் நீளமாக இருக்கவேண்டுவதில்லை. 850 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் 9 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவே.

மூன்று, பல கோபுரங்கள் ஒரே அலைவெண்ணில் ஒரே செய்தியை அனுப்புதல். அலைகள் சற்று முன்பின்னாக வந்து ஒன்றையொன்று குலைக்கும். குறி வலிமையாகத் தெரியும். பேச்சு மட்டும் சிதையும். ஏரியலை இடம் மாற்றி, ஒரு கோபுரத்தை மட்டும் நோக்க வைப்பதே மருந்து.

நான்கு, எல்லாம் சரியாயிருந்தும் ஒலியே வராமை. எண்ணைக் குரலாக்கும் துணைநிரலை ‘எஸ்.டி.ஆர். ட்ரங்க்’ தன்னுள் கொண்டிருப்பதில்லை; காப்புரிமைச் சிக்கல் காரணமாக, பயன்படுத்துவோர் அதனைத் தனியே சேர்க்கவேண்டும்.

கேட்கத் தகுமா?

கேட்க இயல்வது வேறு; கேட்க உரிமையுடைமை வேறு. அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் எளிதில் கேட்கும் வகையில் அமைந்த காவல், தீயணைப்புப் பேச்சுகளைக் கேட்க இடம் தருகிறது. பிரிட்டனிலோ தமக்கென அனுப்பப்படாத செய்தியை உரிமையின்றிக் கேட்பதை 2006-ஆம் ஆண்டு வானொலித் தந்திச் சட்டம் தடுக்கிறது. மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் 234-ஆம் பிரிவில் பிறர் தொடர்பை அதிகாரமின்றி இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆதலால் அமெரிக்க நூல்களில் கண்டதை நம் நாட்டில் செய்து பார்க்க முனைதல் கூடாது.

அமெரிக்காவிலும் கதவு மெல்ல மூடி வருகிறது. டென்வர் நகரக் காவல்துறை 2019-இல் தன் பேச்சை மறைகுறியாக்கியது. நியூயார்க் நகரக் காவல்துறை 2023-இல் அப்பணியைத் தொடங்கியது. மறைகுறியிட்ட பேச்சு நடைபெறும்போது, குழு எண்ணும் தடமும் திரையில் தெரியலாம். சொல் மட்டும் கேட்காது. இன்னலுற்றோரின் பெயரும் முகவரியும் ஊரறிய ஒலிப்பது முறையன்று என்பர் காவல்துறையினர். காவலரின் செயலை மக்கள் அறியும் வழி அடைபடுகிறது என்பர் செய்தியாளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. தனியாளின் மானமும் பொதுமக்களின் அறியும் உரிமையும் ஒரே அலையில் வருவதால், ஒன்றைக் காத்து மற்றொன்றை விடுவது எளிய முடிவாகாது.

நம் பள்ளிகளில் இக்கலையின் முதற்பாடத்தை எவ்விதத் தடையுமின்றி நடத்தலாம். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பண்பலை ஒலிபரப்பு எல்லார்க்கும் உரியது. சிறு குச்சியைக் கணிப்பொறியில் செருகி, நிலையங்கள் திரையில் வரிசையாக எழுந்து நிற்பதை மாணவர்க்குக் காட்டலாம். பின்னர், பத்து வகுப்பும் ஐந்து அறையுமுள்ள பள்ளியின் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொல்லலாம். உள்ள சிறிதைப் பலர் பகிர்ந்துகொள்ளும் முறையை அம்மாணவர் அங்கே கற்றுக்கொள்வர்.